விளக்கில்லா வண்டிக்கு விலை பத்து இலட்சம்!

பிள்ளையார்பட்டிக் கோயில் வாசலில் புது வண்டிக்குப் பூசை போடுவது புதுமையல்ல. காரைக்குடியிலோ குன்றக்குடியிலோ திருப்பத்தூரிலோ ஒருவன் மொபெட் வாங்கினாலும் சரி, மோட்டார் வாங்கினாலும் சரி, முதல் ஓட்டம் அந்தக் குடைவரைக் கோயிலுக்குத்தான். மாலை, சந்தனம், குங்குமம், சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம். பழம் நசுங்கியதும் வண்டி புறப்பட்டுவிடும். பார்த்துப் பழகிய காட்சி.

ஆனால் அன்று நாம் கண்டது வேறு. எதிரே தேநீர்க் கடையில் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தோம். கொத்தனார் ஒருவர், ஆத்தங்குடியில் கல் போடும் தொழிலாளி ஒருவர், சுமை ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர், நாம். 'குட்டி யானை' என்று ஊரார் செல்லப்பெயர் வைத்திருக்கும் சிறு லாரி ஒன்று வந்து நின்றது. அதன் முதுகில், கயிற்றால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டப்பட்டு, ஒரு மோட்டார் சைக்கிள். ஆள் இடுப்புக்கு மேல் உயரம். சக்கரத்தில் முள்முள்ளாய் ரப்பர். எலும்பும் தோலுமாய் உடம்பு. பலகை வைத்து அதை இறக்கினார்கள். பூசை முடிந்தது. பழம் நசுங்கியது. மறுபடி பலகை, மறுபடி கயிறு, மறுபடி லாரி!

கொத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "ஏந்தம்பி, புது வண்டிதானே? ஓட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றார்.

"ரோட்டுல ஓட்டக் கூடாதண்ணே. இதுக்கு நம்பரே போட மாட்டாங்க" என்றான் அந்த இளைஞன்.

"ஏன்?"

"லைட்டு இல்லண்ணே. ஆரன் இல்ல, கண்ணாடி இல்ல. பந்தயத்துக்கு மட்டுந்தான்."

"அதெல்லாம் இல்லாட்டி விலை கம்மியா இருக்குமே?"

இளைஞன் சிரித்தான். "பத்து இலட்சத்துக்கு மேலண்ணே. வெளிநாட்டு வண்டி."

கொத்தனார் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டார். விளக்கும் இல்லை, ஊதுகுழலும் இல்லை, சாலையில் போக உரிமையும் இல்லை. ஆனால் விலை பத்து இலட்சம்! ஐம்பதாண்டுக் காலம் சாரம் ஏறிச் செங்கல் அடுக்கியவர் அவர். ஒரு பொருளில் ஒன்று குறைந்தால் விலையும் குறையும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு எங்கே பிசகியது என்பதைத்தான் தோழர்களோடு இன்று பேச விரும்புகிறோம். பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானைப் பற்றி நமக்கென்ன கவலை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அந்த வண்டியின் விலைக்குள்ளே துறைமுகம் இருக்கிறது, டில்லி இருக்கிறது, திருவொற்றியூர் இருக்கிறது. நாளைக்கு நீங்கள் தவணையில் வாங்கப்போகும் வண்டியும் இருக்கிறது.

முதலில் அந்த இளைஞன் சொன்னது கட்டுக்கதை அல்ல என்பதைச் சொல்லிவிடுவோம். 2024 நவம்பரில் ஆஸ்திரியா நாட்டு கேடிஎம் நிறுவனம் தன் பந்தய வண்டிகளை இந்தியாவில் முறையாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. 450 எஸ்எக்ஸ்-எஃப் என்ற வண்டிக்கு அன்று கடை விலை 10,25,000 ரூபாய். 250 சி.சி. வண்டிக்கு 9,58,000. காடுமேடெல்லாம் நெடுந்தூரம் ஓடும் 350 இஎக்ஸ்சி-எஃப் வண்டிக்கு 12,96,000. பள்ளிக்கூடம் போகும் சிறுவர்கள் ஓட்டிப் பழகும் 50 சி.சி. குட்டி வண்டிக்குக்கூட 4,75,000 ரூபாய்! நம்மூரில் ஐந்து குடும்பங்கள் ஆளுக்கொரு வண்டி வாங்கலாம் அந்தத் தொகைக்கு.

இத்தனை கொடுத்து வாங்கினால் கூட என்னென்ன வரும்? மண்ணில் பாயும் பந்தய வண்டிக்கு முகப்பு விளக்கு கிடையாது. பின்னே உட்கார இருக்கை கிடையாது. கண்ணாடியும் ஆரனும் கிடையா. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்டும் மீட்டருக்குப் பதில் எத்தனை மணி நேரம் எஞ்சின் ஓடியது என்று காட்டும் மீட்டர் இருக்கும். ஏனென்றால் அதற்கு எண்ணெய் மாற்றுவதும் பிஸ்டன் மாற்றுவதும் மணிக்கணக்கில்தான்.

இதில் மோசடி இருக்கிறதா என்றால், இல்லை. நாம் எதையும் நியாயத்தோடு பேச வேண்டும். பந்தயக் குதிரைக்கு யாரும் நுகத்தடி பூட்டுவதில்லை. விளக்கை எடுத்ததே எடை குறைவதற்குத்தான். நூறு கிலோவைச் சற்றே தாண்டும் உடம்பில் 450 சி.சி. எஞ்சினை வைப்பது லேசான வேலை அல்ல. வானத்தில் எகிறி மண்ணில் விழுந்தால் முறியாத சட்டம், அரை முழத்துக்கு அமுங்கி எழும் ஷாக் அப்சார்பர் எல்லாம் உயர்ந்த வேலைப்பாடு. அதற்குரிய விலையைக் கேட்கட்டும். ஆனால் பத்து இலட்சமும் வேலைப்பாட்டுக்குத்தானா? அங்கேதான் கணக்கு ருசிகரமாகிறது.

வெளிநாட்டில் முழுதாகச் செய்து கப்பலில் இறங்கும் மோட்டார் சைக்கிளுக்கு டில்லி அரசினர் சுங்கவரி வாங்குகிறார்கள். 2018க்கு முன்பு அது எஞ்சின் அளவைப் பொறுத்து 60 விழுக்காடு, 75 விழுக்காடு என்று இருந்தது. 2018 பிப்ரவரியில் எல்லாவற்றுக்கும் 50 ஆக்கினார்கள். அந்த ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், ஹார்லி டேவிட்சன் பெயரைச் சொல்லி, இந்தியா அதிக வரி போடுகிறது என்று உலகறியக் குறைபட்டுக்கொண்டது தோழர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். 2025 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் மறுபடி இறக்கினார்கள். 1600 சி.சி. வரையுள்ள வண்டிக்கு 40. அதற்கும் மேற்பட்ட ராட்சத வண்டிக்கு 30! பெரிய வண்டி வாங்குகிறவனுக்குப் பெரிய சலுகை. என்னே கருணை! உதிரியாகப் பிரித்துப் பெட்டியில் கொண்டுவந்து இங்கே பூட்டினால் 15 இருந்தது 10 ஆயிற்று.

சுங்கவரிக்கு மேலே சரக்கு சேவை வரி. வண்டியின் விலைமேல் மட்டுமல்ல. சுங்கவரியையும் சேர்த்துக் கூட்டிய தொகைமேல், வரிக்கும் வரி! 350 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்கு அது 28 விழுக்காடும் மேற்கொண்டு 3 விழுக்காடு கூடுதல் தீர்வையும் ஆக 31 என்று இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 40 ஆகிவிட்டது. 350 சி.சி.க்கு உட்பட்டதற்கு 28லிருந்து 18 ஆகக் குறைந்தது.

இப்போது காகிதம் எடுத்துக் கணக்குப் போடுங்கள். கப்பல் கூலி, சில்லறை மேல்வரிகள், கடைக்காரர் இலாபம் இவற்றையெல்லாம் ஒதுக்கிவிடுவோம். துறைமுகத்தில் 100 ரூபாய் மதிப்போடு ஒரு 450 சி.சி. வண்டி இறங்குகிறது. 2025 ஜனவரியில் அதன்மேல் சுங்கம் 50; ஆக 150. அதன்மேல் 31 விழுக்காடு, 46 ரூபாய் 50 காசு. மொத்தம் 196 ரூபாய் 50 காசு.

அதே வண்டி 2025 செப்டம்பர் கடைசியில் இறங்குகிறது. சுங்கம் 40 தான், ஆக 140. அதன்மேல் 40 விழுக்காடு, 56 ரூபாய். மொத்தம் 196 ரூபாய்.

சுங்கத்தில் பத்து ரூபாய் குறைத்தோம் என்று பிப்ரவரியில் பறை அறைந்தார்கள். செப்டம்பரில் ஒன்பதரை ரூபாயைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மிச்சம் ஐம்பது காசு! வலக்கை கொடுத்ததை இடக்கை வாங்கிக்கொண்டது. பத்து இலட்ச ரூபாய் வண்டி வாங்குகிறவருக்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. அவர் கட்டட்டும். அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டினால் நமக்கும் மகிழ்ச்சிதான். வரி குறைந்தது என்ற செய்தியைப் படிக்கும்போது எந்த வரி, எந்த நாளில், எதன்மேல் என்று கேட்கப் பழக வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். 350 சி.சி.க்கு உட்பட்ட இறக்குமதி வண்டி மட்டும் உண்மையிலேயே இளைப்பாறியது. 192 ரூபாயில் நின்றது 165 ரூபாய் 20 காசுக்கு இறங்கியது.

ஆக, பத்து இலட்சத்தில் ஏறத்தாழப் பாதி துறைமுகத்துக்கும் டில்லிக்கும் இடையே பிறந்தது. கொத்தனாரின் கணக்கு பிசகவில்லை. அவர் வண்டியைப் பார்த்தார். விலையோ வண்டியில் இல்லை.

அப்படியானால் சுங்கவரியே கொடுமையா? அதை எடுத்தெறிந்துவிட வேண்டுமா? இங்கேதான் நாம் அவசரப்படக் கூடாது. திருவொற்றியூர் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்று ஊர்ப் பெரியவர்கள் கம்பீரமாய் 'டப் டப்' என்று ஓட்டும் புல்லட் இருக்கிறதே, அது பிறந்தபோது சாலை வண்டி என்பதைவிடக் காட்டு வண்டி என்றே சொல்லலாம். 1948ல் இங்கிலாந்தில் சேறும் பாறையுமான பாதையில் நடந்த சோதனைப் போட்டியில்தான் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் அதை முதலில் இறக்கியது. பின்சக்கரத்துக்கு அசையும் கை பொருத்திய புதுமை அது. குழியில் விழுந்தாலும் சக்கரம் மண்ணை விடாது. அதே ஆண்டு இத்தாலியில் நடந்த ஆறு நாள் பன்னாட்டுப் போட்டியில் இரண்டு புல்லட்டுகள் தங்கப் பதக்கம் வாங்கின.

1949 முதல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் அதை இறக்குமதி செய்து விற்றது. 1950களின் தொடக்கத்தில், எல்லையோரக் கரடுமுரடான பாதைகளில் ரோந்து போக ஒரு வண்டி வேண்டும் என்று இந்திய இராணுவம் தேடியபோது, கண்ணில் பட்டது இந்தப் புல்லட்தான். நூற்றுக்கணக்கில் வாங்கினார்கள். முழு வண்டியாகக் கப்பலில் வந்தது. நாம் இன்று பேசும் அயல்நாட்டுக் காட்டு வண்டிகளுக்கெல்லாம் முன்னோடி அதுதான்.

ஆனால் நாடு விடுதலை பெற்ற புதிது. அந்நியச் செலாவணி தட்டுப்பாடு. கண்டதையெல்லாம் இறக்குமதி செய்துகொண்டிருக்க முடியாது. வேண்டுமானால் இங்கே வந்து செய் என்ற காலம். 1955ல் இங்கிலாந்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 1956ல் பெட்டி பெட்டியாக உதிரிகள் வந்தன. வடசென்னைத் தொழிலாளர்கள் அவற்றைப் பூட்டினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்கள் கையால் வெளிவந்தவை 163 வண்டிகள். பிறகு ஒவ்வொரு உதிரியாக இங்கேயே வார்க்கவும் கடையவும் கற்றார்கள்.

அதற்குப் பின் நடந்ததுதான் வேடிக்கை. புல்லட்டைப் பெற்றெடுத்த ரெட்டிச் ஆலை 1967ல் மூடப்பட்டது. 1970ல் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியே கதவைச் சாத்தியது. தாய் போனாள், திருவொற்றியூரில் வளர்ந்த பிள்ளை நின்றது. 1977ல் அந்தப் பிள்ளை இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது! வேலையில்லாமல் போன ரெட்டிச் தொழிலாளியை நினைத்தால் மனம் கனக்கத்தான் செய்கிறது. அவரும் நம்மைப் போல் உழைப்பாளிதானே.

வேலி இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பயிர் வளர்ந்திருக்குமா? முழு வண்டி எளிதாய் வந்து இறங்கிக்கொண்டே இருந்திருந்தால் திருவொற்றியூரில் ஆலை வைக்க யார் வந்திருப்பார்கள்? ஆகவே சுங்கம் என்றாலே முகம் சுளிப்பவர்களோடு நாம் சேர முடியாது. வேலி பயிருக்காக இருக்கிறதா, வேலிக்குள்ளே பயிர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதைப் பிள்ளையார்பட்டி வட்டாரத்து மக்களுக்கு விளக்கவே வேண்டாம். செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி. கடல் கடந்து வட்டிக் கடை வைத்தவர்கள் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு காலத்தில் தரைக்குப் போடும் ஓடுகூட அயல்நாட்டுச் சரக்குதான். பக்கத்தில் இருக்கிறது ஆத்தங்குடி. அந்த ஊர் மண்ணும் சிமெண்டும் வண்ணப் பொடியும் கண்ணாடிப் பலகையும் வைத்துக்கொண்டு, சூளையில் சுடாமல், தண்ணீரில் ஊறப்போட்டே பூக்கல் செய்யக் கற்றுக்கொண்டார்கள் நம் தொழிலாளர்கள். இன்று அயல்நாட்டிலிருந்து வருகிறவன் ஆத்தங்குடிக் கல்லைத் தேடி வருகிறான். தேநீர்க் கடையில் நம்மோடு நின்ற தோழர் அந்தக் கல் போடுகிறவர்தான். இந்தக் கதையை நாம் சொன்னபோது, "முதல்ல வாங்கறது, அப்புறம் பார்த்துச் செய்யறது, அப்புறம் அவனுக்கே விக்கிறது" என்று மூன்றே வரியில் முடித்துவிட்டார். நாம் இத்தனை பத்தி எழுதுகிறோம்!

அவர் சொன்னதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று உண்டு. ஜப்பானின் கவாசாகி நிறுவனத்துக்கு கேஎல்எக்ஸ் 230 என்றொரு வண்டி. இது விளக்கு, ஆரன், நம்பர் எல்லாம் உள்ளது. சாலையிலும் போகும், சாலை முடிந்த இடத்துக்கு அப்பாலும் போகும். 2024 டிசம்பரில் முழு வண்டியாக இறக்குமதி செய்து விற்றபோது விலை 3,30,000 ரூபாய். 18 குதிரை வலிமை மட்டுமே உள்ள வண்டிக்கு இந்த விலையா என்று வாங்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். 2025ல் அதே வண்டியை இந்தியாவிலேயே செய்து விற்கத் தொடங்கினார்கள். விலை 2 இலட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது!

ஒரு இலட்சத்து முப்பதாயிரம் எங்கே போயிற்று? எஞ்சினை அறுத்துச் சிறிதாக்கினார்களா? இல்லை. முதல் விலைக்குள் இருந்த வரிகளைத் தோராயமாகக் கழித்துப் பாருங்கள். 3,30,000ஐ 1.92ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,72,000 வரும். அதன்மேல் சுங்கம் இல்லாமல் 18 விழுக்காடு மட்டும் போட்டால் 2,03,000. கடைக்காரர் இலாபமும் இதற்குள் கலந்திருப்பதால் இது துல்லியக் கணக்கல்ல. ஆனாலும் இறங்கி வந்த விலைக்கு எவ்வளவு அருகில் போய் நிற்கிறது பாருங்கள். கடலைத் தாண்டி வந்ததற்கான விலைதான் கழன்று விழுந்தது. அதோடு இங்குள்ள கைகளுக்கு வேலையும் கிடைத்தது.

இப்படி எழுதிவிட்டு, இங்கே செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடித்துவிடலாம். ஆனால் முதலாளிகள் அவ்வளவு எளிதில் நம்மை மகிழ விடுவதில்லை.

அதே கேடிஎம், புனே பஜாஜுடன் சேர்ந்து சக்கனில் செய்யும் வண்டிகளும் உண்டு. 390 எண்டியூரோ ஆர் என்பது அவற்றில் ஒன்று. 2025 ஏப்ரலில் 3,37,000 ரூபாய்க்கு வந்தது. காட்டுப் பாதை வண்டிக்கு உயிரே சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்கும் இடைவெளிதான். ஏற்றுமதி வண்டிக்கு அந்த இடைவெளி 230 மில்லிமீட்டர். நமக்கு விற்ற வண்டிக்கு 200 சொச்சம்! ஒரே ஆலை, ஒரே தொழிலாளி, ஒரே பெயர்ப்பலகை. கப்பலேறுகிற வண்டிக்கு நீண்ட கால், உள்ளூரில் நிற்கிற வண்டிக்குக் குட்டைக் கால். நம்மவர்கள் உயரம் குறைவு, கால் தரையில் படாது என்று சமாதானம் சொல்லலாம். அப்படியானால் பின்னால் அதே ஆண்டில் நீண்ட கால் வண்டியையும் கூடுதல் விலைக்கு இங்கே விற்க எப்படி முடிந்தது? சில மாதத்தில் நாம் வளர்ந்துவிட்டோமா?

விலைப் பலகையில் எழுதியிருப்பது ஒன்று. அந்த விலைக்குள் என்னென்ன அடங்கும் என்பது இன்னொன்று. வாங்குகிறவன் முதலாவதைப் பார்க்கிறான். விற்கிறவன் இரண்டாவதில் சம்பாதிக்கிறான். 2020ல் ஹீரோ நிறுவனம் தன் எக்ஸ்பல்ஸ் 200 வண்டிக்கு 'ராலி கிட்' என்று ஒன்றைத் தனியாக விற்றது. உயர்ந்த ஷாக் அப்சார்பர், முள் டயர் முதலிய சாமான்கள். 38,000 ரூபாய். வண்டியின் விலையே அப்போது ஒரு இலட்சத்தை ஒட்டித்தான். பந்தயத்துக்குப் போகிறவன் தெரிந்தே வாங்குகிறான், போகட்டும். ஆனால் பந்தயத்தின் பக்கமே போகாத நம்மவன் பில்லில் என்ன நடக்கிறது?

நமக்குத் தெரிந்த தோழர் ஒருவர், மில் தொழிலாளி, சென்ற ஆண்டு தவணையில் வண்டி எடுத்தார். எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம். எல்லா ஊரிலும் நடப்பதுதான். விளம்பரத்தில் கண்ட விலைக்கும் கட்டிய தொகைக்கும் ஏகப்பட்ட வேறுபாடு. பில்லை நம்மிடம் நீட்டினார். பதிவு, ஆயுள் வரி, இன்சூரன்ஸ். சரி. பிறகு, சாரி கார்டு இவ்வளவு. ஹெல்மெட் இவ்வளவு. பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி இவ்வளவு. சீட் கவர், கால்மிதி, 'ஹேண்ட்லிங்' என்று ஒரு தொகை. ஹேண்ட்லிங் என்றால் என்ன என்று கேட்டோம். "தெரியலீங்க, எல்லாருக்கும் போடறாங்கன்னாங்க" என்றார்.

தோழர்களே, இதைக் கவனமாகப் படியுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி என்று ஒன்று இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் உட்காருகிறவருக்கு நிலையான கைப்பிடியும் கால் வைக்கும் இடமும் இருக்க வேண்டும். உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு இருக்க வேண்டும் என்கிறது அது. எத்தனை தாய்மார்கள் சேலை சுற்றிச் சாலையில் விழுந்த பிறகு எழுதப்பட்ட விதியோ அது! 138ஆம் விதி, இரு சக்கர வண்டி வாங்கும்போது தர முத்திரையுள்ள தலைக்கவசத்தை உற்பத்தியாளர் தர வேண்டும் என்கிறது. ஆக, இவையெல்லாம் வண்டியோடு பிறக்க வேண்டிய உறுப்புகள். பிறந்த குழந்தைக்குக் கால் வேண்டுமானால் தனிக்கட்டணம் என்று மருத்துவச்சி கேட்டால் எப்படி இருக்கும்?

இன்சூரன்ஸிலும் ஒரு சங்கதி. 2018 செப்டம்பர் முதல் புது வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022ல் அறிவித்த கட்டணப்படி 75க்கு மேல் 150 சி.சி. வரை 3,851 ரூபாய். 150க்கு மேல் 350 வரை 7,365. அதற்கு மேல் 15,117. கடைக்காரர் காட்டும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வெளியிலும் எடுக்கலாம். இதைச் சொன்னால் கடைச் சிப்பந்தியின் முகம் மாறும், மாறட்டும். அவரைக் கோபிப்பதிலும் பயனில்லை. அவரும் மாதச் சம்பளக்காரர், முதலாளி எழுதிக்கொடுத்த சீட்டைப் படிக்கிறவர்.

நமது மாநில ஆயுள் வரியையும் விட்டுவிடக் கூடாது. டில்லியை மட்டும் திட்டுவது நேர்மையாகாது. முன்பு புது இரு சக்கர வண்டிக்கு 8 விழுக்காடாக இருந்தது. 2023 நவம்பரில் ஒரு இலட்சம் வரை 10, அதற்கு மேல் 12 ஆனது. பூசை போட்டு லாரியில் ஏறிய பத்து இலட்ச ரூபாய் வண்டிக்கோ ஆயுள் வரியே கிடையாது. சாலையில் போகாததற்குச் சாலை வரி எதற்கு? நியாயந்தான். இருந்தாலும் கொத்தனாரிடம் இந்த நியாயத்தை விளக்கியபோது அவர் நம்மைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஒரு தீப்பெட்டிக்கு அதிகபட்ச விலை அச்சிட்டிருக்கிறது. இரண்டு ரூபாய் பிஸ்கட்டுக்கு அச்சிட்டிருக்கிறது. இலட்ச ரூபாய் வண்டிக்கு மட்டும் விலை, கடைக்காரர் மேசையில் கூட்டல் எந்திரத்தில் பிறக்கிறது. ஆலையிலிருந்து வரும் விலை இவ்வளவு, சுங்கம் இவ்வளவு, சரக்கு வரி இவ்வளவு, மாநில வரி இவ்வளவு, இந்த விலைக்குள் சேர்ந்த சாமான்கள் இவை என்று ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டட்டுமே. ஒரு குடம் வண்ணம் போதும். அதைக் கேட்பதற்குச் சங்கங்களுக்கு உரிமை உண்டு. பஞ்சப்படியைக் காசு காசாகக் கணக்கிடத் தெரிந்த சங்கத்துக்கு இது பெரிய வேலையா?

இன்னொரு முரண்பாட்டையும் சொல்ல வேண்டும். சென்னையை அடுத்த ஆலைகளில் நம் தொழிலாளர்கள் செய்யும் ஹிமாலயன் 450, மலைப்பாதைக்கென்றே பிறந்த வண்டி. 2023 நவம்பரில் வந்தபோது சென்னையில் 2,69,000 ரூபாய். அதன் எஞ்சின் 452 சி.சி.; எனவே 2025 செப்டம்பரில் 40 விழுக்காட்டு வட்டத்துக்குள் சிக்கிக்கொண்டது. விலை 3 இலட்சத்தைத் தாண்டியது. ஓசூர் டிவிஎஸ் 2025 அக்டோபரில் கொண்டுவந்த அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 299 சி.சி.; 18க்குள் தப்பி 1,99,000 ரூபாயில் தொடங்கியது. சரக்கு வரிக்குச் சுதேசி, விதேசி தெரியாது, சி.சி. மட்டுமே தெரியும். ஒரகடத்தில் வியர்வை சிந்திச் செய்தாலும் சரி, ஒசாகாவில் செய்தாலும் சரி, 351 என்றால் ஒரே கத்திதான். அந்த எல்லைக்கோட்டை 350ல் போட்டவர்கள் மலைச்சாலையில் தபால் கொண்டுபோகிறவரை நினைத்தார்களா, வார இறுதியில் உலாப்போகிறவரை நினைத்தார்களா, தெரியவில்லை.

பேசிக்கொண்டே நின்றதில் தேநீர் ஆறிவிட்டது. அந்த நேரத்தில் கண்மாய்க் கரையிலிருந்து ஒருவர் ஏறி வந்தார். டிவிஎஸ் எக்ஸ்எல். பின் இருக்கையைக் கழற்றிவிட்டு அங்கே இரண்டு புல்லுக்கட்டு. முன்னால் காலுக்கு அருகே ஒரு பால்கேன். செம்மண் பள்ளத்தில் இறங்கி, கருவேலம் புதரை ஒட்டி வளைந்து, கல் துருத்திய மேட்டில் ஏறி, சாலைக்கு வந்து, கடை முன்னே நிறுத்தினார். கேடிஎம் போகிற வேகம் கிடையாதுதான். ஆனால் சாலை இல்லாத இடத்தில் நாள்தோறும் ஓடுகிற வண்டி எது என்று பிள்ளையார்பட்டியில் கேட்டால் கை நீளுவது அதன் பக்கம்தான். நம் நாட்டுத் தொழிலாளியின் கைவேலை. கழற்றக்கூடிய பின் இருக்கை வண்டியோடு வருவது, தனிக்கட்டணம் கிடையாது. விளக்கும் உண்டு, ஆரனும் உண்டு.

குட்டி யானையின் மேல் ஏறி நின்றிருந்த இளைஞன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளை, மதுரைப் பக்கம் எங்கோ பந்தயத்துக்குப் போகிறானாம். கேரளத்து ஷொரணூர் ஹரித் நோவா 2024 டக்கார் பந்தயத்தில் ராலி 2 பிரிவில் முதலாவதாக வந்ததை வாய் நிறையச் சொன்னான். அதுவும் பிரெஞ்சு ஷெர்கோவோடு ஓசூர் டிவிஎஸ் சேர்ந்து நடத்திய குழு என்றபோது சுமை ஆட்டோத் தம்பிக்கு முகம் மலர்ந்தது.

புல்லுக்கட்டுக்காரர் லாரியின் மேல் இருந்த வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "தம்பி, இது எவ்வளவு சுமக்கும்?" என்று கேட்டார்.

"ஒரு ஆளைத்தாங்க."

"விலை?"

இளைஞன் பதில் சொல்வதற்குள் கொத்தனார் முந்திக்கொண்டார். "கேக்காதீங்க அண்ணே. சொன்னா, சூடா ஒரு டீ குடிக்கணும்."

லாரி புறப்பட்டது. எக்ஸ்எல்காரர் தேநீருக்குச் சொல்லிவிட்டு, புல்லுக்கட்டில் கயிறு தளர்ந்த பக்கத்தை இறுக்கத் தொடங்கினார்.